உப்பில்லாத ஊரின் சாட்சி

"செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போறான்?" என்று நம் ஊரில் வாய்ச்சவடாலாகக் கேட்பார்கள். கோமதிநாயகத்துக்கு அந்தக் கேள்வி சிரிப்பு மூட்டாது. அவனுடைய உத்தியோகமே அதுதான். செத்தவர்களை எழுப்பிச் சாட்சி கேட்பான். கேட்டு முடிந்ததும் அணைத்துவிடுவான்.

எழுப்புவதில் மந்திரம் ஒன்றுமில்லை. மண்டையோடும் இரண்டு பற்களும் கிடைத்தால் போதும். மூளை அந்த எலும்பில் விட்டுப்போன தடத்தை வைத்து, அதற்குச் சொந்தக்காரரின் நினைவையும் பேச்சையும் இயந்திரத்துக்குள் மறுபடியும் கட்டிவிடலாம். செத்த நாளின் நினைவு மட்டும் அதில் இருக்காது; எழுந்தவருக்குத் தாம் செத்தது தெரியாது. இது வந்தபோது முதலில் குதித்தவர்கள் சரித்திர ஆசிரியர்கள். பின்னாலேயே வக்கீல்கள் வந்தார்கள். நிலமும் நீரும் யாருக்குப் பூர்வீகம் என்ற வழக்குகளில் மூதாதையரே கூண்டில் ஏறலாம் என்று நாடுகள் சட்டம் போட்டன. கேள்வி கேட்பவர் மட்டும் வழக்கில் ஒட்டும் உறவும் இல்லாத அந்நியராக இருக்க வேண்டுமாம். பாளையங்கோட்டைக்காரனான நாயகம் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வந்த புதிதில் ஒவ்வொருவரையும் விசையை அழுத்தி அணைத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறான். பிறகு அழுகை நின்றது. அதற்குப் பிறகு தூக்கமும் ருசியும் போயின. சென்ற வருஷம் அம்மா போய்விட்டாள் என்று அண்ணன் கூப்பிட்டுச் சொன்னபோது, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த காபியைக் குடித்து முடித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது தன்னையே தடவிப் பார்ப்பான். இருந்தது, ஆனால் உறைக்கவில்லை.

அன்று தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில் அவனுக்காக ஒரு அம்மாள் காத்திருந்தாள். பெர்பெத்துவா குவாதெகோன்சி, மத்லாபான் என்ற ஊரின் தலைவி. அறுபது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பெயரில் இரண்டு டீச்சர்களை நாயகத்துக்குத் தெரியும், அதனால் பெயர் மட்டும் சட்டென்று மனதில் ஒட்டிக்கொண்டது. அவள் பேசியது நாவாத்தல் மொழி. நாயகத்தின் காதிலிருந்த மொழிமாற்றி அதைத் தமிழாக்கியது. அது தமிழ் கற்றுக்கொண்டதே நாயகத்தின் வாயிலிருந்து என்பதால் அந்த அம்மாள் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் பேசினாள்.

"எந்திச்சிட்டானாய்யா?"

"எந்திச்சிட்டாரும்மா. தெளிவா இருக்காரு."

"பேரு சொன்னானா?"

"ஏழுமான்."

"பிறந்த நாளோட பேரு அது. அந்தக் காலத்துல அப்படித்தான் வைப்பாவ." அவள் சேலை போன்ற தன் மேல்துணியின் முனையை விரலில் சுற்றினாள். "எங்க வழக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் உள்ள போயி அதைச் சொல்லக்கூடாது. எந்த வருஷம், எதுக்காகக் கேக்கோம், யாருக்காகக் கேக்கோம், எதையும் சொல்லக்கூடாது. சொன்னா சாட்சி கெட்டுப்போச்சுன்னு தள்ளிருவாவ."

"சொல்ல வேண்டாம். கேட்டுக்கிட்டா போதும்." அவள் சுவரில் சாய்ந்தாள். "நீலப்பாவாடைங்கிற மலைக்கு அடியில ஒரே ஒரு ஊத்து. அதை வச்சுத்தான் ஊரு. இப்ப தண்ணிய பாட்டில்ல அடைச்சு விக்கிறவன் வந்து எனக்குன்னு நிக்கான். அது எங்க ஊத்துன்னு எங்க பாட்டன் வாயால ஒரு வார்த்தை வந்துட்டா சட்டம் எங்க பக்கம். வரலைன்னா நாங்க மூட்டை கட்ட வேண்டியதுதான். பக்கத்து ஊரு அப்படித்தான் காலியாச்சு."

நாயகம் தலையை ஆட்டினான். அவனுக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"நாங்க திலஷ்காலாச் சீமைக்காரங்க. சுத்துவட்டாரம் பூரா, இப்பத்த தலைநகரு இருக்கிற இடத்துல அப்ப ஆண்ட மெஷிகாக்காரன் ராஜ்ஜியமா ஆனப்ப எங்க நாலு தலைவனும் குனியமாட்டேன்னுட்டாவ. அவன் வழியெல்லாம் அடைச்சுட்டான். பஞ்சு வராது, உப்பு வராது. தலைமுறை தலைமுறையா உப்பில்லாமச் சாப்பிட்டோம். உப்புக்காக எவனும் விலை போகல. அப்புறம் கடல்தாண்டி ஆளுக வந்தாவ. அவங்ககூடச் சேர்ந்து மெஷிகாக்காரன வீழ்த்தினோம். அதுக்கு இந்த நாட்டுல இன்னைக்கும் எங்களுக்கு என்ன பேரு தெரியுமா? துரோகி. எம் மகளைப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்பிட்டாவ."

"ஏழுமான் எந்தக் காலத்து ஆளு?"

"வெள்ளக்காரன் வர்றதுக்கு முந்தி. சண்டையில பிடிபட்டவன். தலைநகருல பழைய கோயிலுக்குப் பக்கத்துல தோண்டினப்ப மண்டையோட்டுச் சுவரு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுல இருந்தான். பல்லைச் சோதிச்சுப் பார்த்து எங்க ஊர்க்காரன்னு சொன்னாவ."

இவ்வளவும் நாயகத்தின் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. உணர்ச்சியுள்ள வேறொருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால், உள்ளே போகுமுன் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பான்.

தலைக்கவசத்தை மாட்டியதும் இயந்திரம் கட்டிய அறை தெரிந்தது. வெள்ளைச் சுவர், கோரைப்பாய், மண்கலயத்தில் நுரை பொங்கும் கொக்கோ, மிளகாய்ச் சாற்றில் வெந்த வான்கோழி, சோள ரொட்டி. சாட்சியை அன்பாக நடத்த வேண்டும், பசியோடு பேசவிடக் கூடாது என்பது தீர்ப்பாயத்தின் விதி. பாயில் ஏழுமான் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பழைய வெட்டுத்தழும்பு. முதுகு வளையாமல், எதற்கும் தயாரானவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடு மக்கா. சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றான் நாயகம். எழுபது வயதுக் கிழவரையும் அவன் ஊரில் அன்பு மிகுந்தால் மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏழுமான் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். ரொட்டியைப் பிட்டுச் சாற்றில் தோய்த்து வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். பிறகு விழுங்கிவிட்டு, ஏதோ முடிவுக்கு வந்தவன்போலச் சிரித்தான்.

"ருசியா இருக்குப்பா" என்றான். "வீட்டுல எல்லாரும் நல்லாக் கவனிக்கிய."

சாட்சி உணவை ரசித்தார், கேள்வி கேட்பவரிடம் ஒட்டுதல் ஏற்பட்டிருக்கிறது என்று நாயகம் குறித்துக்கொண்டான். அப்பா என்று அழைத்த முதல் சாட்சி இவன்தான். அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

சண்டையைப் பற்றிக் கேட்டபோது ஏழுமான் விலாவாரியாகச் சொன்னான். கால் இடறாமல் இருந்திருந்தால் தன்னைப் பிடித்திருக்கவே முடியாதென்றான். ஊரைப் பற்றிக் கேட்டதும் பேச்சு சுருங்கியது. பெண்டாட்டி உண்டா என்றதற்கு இல்லையென்றான். பிள்ளைகள்? அதுவும் இல்லை.

"உங்க ஊருல தண்ணிக்கு என்ன செய்வீங்க மக்கா? மலையடியில ஊத்து இருக்குல்லா?"

"ஊத்தா?" ஏழுமான் தொடையில் தட்டிச் சிரித்தான். "எங்க ஊருல ஏதுப்பா ஊத்து? மழைத்தண்ணியப் பானையில பிடிச்சு வச்சுக் குடிக்கிற சனம் நாங்க. மலையடியில முள்ளுக்காடுதான். காலடி எடுத்து வச்சா பாம்பு. உங்க ஆளுக யாரும் அந்தப் பக்கம் போனா முழுசாத் திரும்ப மாட்டாவ."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இல்லாததை இல்லைன்னுதானே சொல்லணும்?"

நாயகம் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தான். ஏழுமான் ஒவ்வொரு முறையும் அதே புன்னகையோடு இல்லையென்றான். பதிவு முத்திரையிடப்பட்டது.

பிற்பகலில் இரு தரப்புக்கும் அந்தப் பதிவைப் போட்டுக்காட்டினார்கள். தண்ணீர் விற்கும் கம்பெனியின் வக்கீல் தன் கைப்பையை அப்போதே பூட்டிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, தான் எழுப்பச் சொன்ன பாட்டனே தன் தலையில் மண்ணைப் போட்டதை பெர்பெத்துவா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். அவன் ரொட்டியை வாயில் வைத்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இந்தச் சாத்துல உப்பு போட்டிருக்கியளா?"

"போட்டிருப்பாவ" என்றான் நாயகம். "எல்லாருக்கும் ஒரே பக்குவம்தான்."

"அவன என்னன்னு கூப்பிட்டிய?"

"மக்கான்னு. எங்க ஊருல பாசமாச் சொல்லுவோம். கருவி அதை 'எம் பிள்ளை'ன்னு மாத்தியிருக்கும்."

பெர்பெத்துவா நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டாள். அவள் குரல் ஏறவில்லை. "அய்யா, சண்டையில ஒருத்தனை உயிரோட பிடிச்சா, அன்னையில இருந்து பிடிச்சவன் அப்பன், பிடிபட்டவன் மகன். அந்தக் காலத்து முறை அது. மகனேன்னு கூப்பிட்டு, நல்லாச் சோறு போட்டு, நல்ல துணி கொடுத்து வீட்டுல வச்சிருப்பான். ஒரு நாள் கோயில் படியில ஏத்தி நெஞ்சைப் பிளப்பான். பிடிபட்டவனும் அப்பான்னு சொல்லிக்கிட்டே ஏறுவான். அழமாட்டான், தப்பிச்சுப் போகமாட்டான்."

நாயகம் திரையில் உறைந்து நின்ற ஏழுமானின் முகத்தைப் பார்த்தான்.

"எங்க ஊருல உப்பு கிடையாது. அவன் நாக்குல உப்பு பட்டா அது எதிரி வீடு. உப்பு போட்டு, பிள்ளேன்னு கூப்பிட்டு, உங்க ஊரு தண்ணி எங்க இருக்குன்னு கேட்டிருக்கிய. எவன்யா சொல்லுவான்?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்தவன் நாயகம். காலையில் தாழ்வாரத்திலேயே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது இப்போது அவன் நினைவுக்கு வந்தது. வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்த அளவுக்கு வெட்கம் வரவில்லை.

அவனே போய்த் தீர்ப்பாயத் தலைவரிடம் பேசினான். சாட்சி தன்னைக் கைதி என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறார், மறுவிசாரணை வேண்டும் என்றான். தலைவர் நெடுநேரம் விதிகளைப் புரட்டினார். கடைசியில் ஒத்துக்கொண்டார். சாட்சியிடம் எல்லா உண்மையையும் சொல்லலாம், ஊர்த்தலைவியும் உள்ளே போய்ப் பேசலாம். ஆனால் இந்த முறை அவர் சொல்வதே முடிவு. அதற்கு மேல் ஊருக்கு மிஞ்சுவது, தலைவியின் சொந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு மேல்முறையீடு மட்டும்தான்.

"மேல்முறையீடு முடியறதுக்குள்ள ஊத்தே வத்திப்போகும்" என்று நாயகத்திடம் சொன்னாள் பெர்பெத்துவா. "ஆனாலும் அந்த ஒரு வழியாவது இருக்கே. வாங்க, போவோம்."

மறுநாள் காலையில் இருவரும் உள்ளே போனார்கள். இந்த முறை சாப்பாடு இல்லை. நாயகம் பாயில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். நீ செத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இங்கே எதிரி யாருமில்லை. மெஷிகாக்காரனின் நகரம் விழுந்துவிட்டது. உன் ஆட்கள்தான் போய் வீழ்த்தினார்கள். அந்த நகரம் நின்ற ஏரியைக்கூடத் தூர்த்துவிட்டார்கள்.

ஏழுமான் கவனமாகக் கேட்டான். முடிந்ததும் வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்பா, நல்லாக் கதை சொல்லுதிய. ஏரியைத் தூர்த்தாவளா? அதுல முந்தாநேத்துத்தானே என்னைப் படகுல கூட்டிட்டு வந்திய! என்னை உச்சி குளிர வைக்கணும்னு உங்க ஊரையே விழவச்சுட்டியளே."

"பொய்யில்ல ஏழுமான்."

"நீங்க நல்ல மனுசன். உங்களைக் குத்தம் சொல்லமாட்டேன். உங்க ராசா கேக்கச் சொல்லுதான், நீங்க கேக்கிய."

பெர்பெத்துவா முன்னால் வந்து அவனருகே உட்கார்ந்தாள். மொழிமாற்றி இல்லாமல், தன் வாயாலேயே பேசினாள்.

"நான் மத்லாபான்காரி. உன் வம்சம். எம் பேச்சைக் கேளு, தெரியும்."

"இந்தப் பேச்சைத்தானே இங்க எல்லாரும் பேசுதாவ?" என்றான் ஏழுமான். அது உண்மைதான். ஒன்றன் கழுத்தை ஒன்று அறுத்துக்கொண்ட இரண்டு கூட்டத்துக்கும் தாய்மொழி ஒன்றே. மொழியை வைத்து யார் நம்மவர் என்று அவனால் சொல்ல முடியாது.

பெர்பெத்துவா கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டாள்: "சாஞ்ச பாறைக்கு அடியில இருக்கே, அதை நான் சொல்லட்டுமா? குனிஞ்சு கையை உள்ள விட்டாத்தான் தண்ணி தட்டுப்படும். பிள்ளை பிறந்தா அன்னைக்கு முதல் தண்ணியை எடுத்து அதோட நெத்தியில வைப்போம். எனக்கும் வச்சாவ, எம் மகளுக்கும் வச்சேன்."

ஏழுமானின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தை, கையை, மேல்துணியின் கரையை மாறிமாறிப் பார்த்தான். நம்பிவிட்டான் என்றே நாயகம் நினைத்தான். நம்பியும்தான் விட்டான்.

"நீ எங்க ஊர்க்காரிதான்" என்றான் மெதுவாக. பிறகு நாயகத்தின் பக்கம் திரும்பினான். "அப்பா, இவளுக்கு எவ்வளவு உப்பு கொடுத்திய?"

பதிலுக்குக் காத்திராமல் தானே தொடர்ந்தான்.

"எங்க ஊருல பொம்பளைக கல்லைக் கொடுத்தாலும் தின்னுக்கிட்டு வாயை மூடியிருப்பாளுக. எம் மக நாலு வயசு. அவளுக்குக்கூடத் தெரியும், வெளியாளு முன்னாடி அந்த இடத்தைப் பார்க்கக்கூடாதுன்னு." நேற்று இல்லையென்று சொன்ன மகள் இப்போது வாய்தவறி வந்துவிட்டாள் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே தலையை நிமிர்த்தி உரக்கச் சொன்னான்: "இவ சொல்லுதது பொய். அங்க பாறையும் இல்ல, ஊத்தும் இல்ல. முள்ளுதான் இருக்கு. போயிப் பாருங்க, உங்க காலு கிழியட்டும்."

கவசத்துக்குள் தலைவரின் குரல் இருவருக்கும் கேட்டது. "சாடையாக வந்தது கணக்கில் வராது. ஊற்று இல்லை என்ற சாட்சியின் வாக்குமூலம் உறுதியாகிவிட்டது. அணைக்கலாம்."

ஏழுமான் பாயில் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். நேற்றைய முதுகு இன்று வளைந்திருந்தது. படியேறி நெஞ்சைக் கொடுப்பதற்கு அஞ்சாதவனை இந்தப் பெண்ணின் நான்கு வார்த்தை முறித்துப்போட்டிருந்தது. ஊர் காட்டிக்கொடுத்துவிட்டது என்ற நினைப்போடுதான் இனி அவன் போகவேண்டும். நாயகம் விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் பெர்பெத்துவா.

அவள் ஏழுமானின் தோளைத் தொட்டாள். அவன் அருவருப்போடு விலகினான்.

"நான் உங்க ஊர்க்காரி இல்ல" என்றாள். "மெஷிகாக்காரி நான். தெனோச்தித்லான் நகருதான் எனக்கும். உன்னைப் பேசவைக்கச் சொல்லி என்னை அனுப்பினாவ. ஊத்துன்னா பாறைக்கு அடியிலதான் இருக்கும், பிள்ளைக்கு முதத்தண்ணி எல்லா ஊருலயும்தான் வைப்பாவ. குருட்டாம்போக்குல அடிச்சுப் பார்த்தேன். உங்க ஊரு ஆளுக யாரும் ஒரு வார்த்தை சொல்லல. பிடிச்சு வந்தவங்க எல்லாரையும் கேட்டாச்சு, யாரும் வாய் தொறக்கல. அங்க ஊத்து இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

ஏழுமான் அவளையே பார்த்தான். எப்படியாவது நம்பிவிட வேண்டுமென்ற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

தலைவரின் குரல் மறுபடியும் வந்தது. முன்பைவிடத் தணிந்திருந்தது. "அம்மா, இது பதிவாகிறது. ஊர்த்தலைவியே இப்படிச் சொல்லிவிட்டால் மேல்முறையீடும் இல்லை. மாற்றிக்கொள்கிறீர்களா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"வாயால் சொல்ல வேண்டும்."

"மாத்தல" என்றாள் பெர்பெத்துவா, ஏழுமானின் கண்ணைப் பார்த்தபடி. "அங்க ஊத்து இல்ல."

ஏழுமானின் முதுகு நிமிர்ந்தது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"கேட்டியளாப்பா?" என்றான். "படி எப்ப ஏறணும்?"

"இப்பவே மக்கா" என்றான் நாயகம்.

விசையை அழுத்தினான். பாயும் வெள்ளைச் சுவரும் போய்விட்டன. கவசத்தைக் கழற்றினால் சாம்பல்நிறத் தரையும் இரண்டு நாற்காலிகளும்தான் இருந்தன. நாயகம் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அழவேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. தோன்றியதே ரொம்ப நாளைக்குப் பிறகு.

பெர்பெத்துவா எழுந்து மேல்துணியைச் சரிசெய்துகொண்டாள். வெளியே அவளுக்காக ஊர்க்காரர்கள் வண்டியில் காத்திருந்தார்கள்.

"ஊருக்குப் போயி என்னன்னு சொல்லுவிய?" என்று கேட்டான் நாயகம்.

"அவன் காட்டிக்கொடுக்கலன்னு சொல்லுவேன்" என்றாள் அவள்.